சாமிக்கு ஊற்றும் அளவு

எங்கள் குலசாமிக்குப் புதுக் கோயில் எழும்பப் போகிறது. பச்சைமலை அடிவாரத்தில், வேப்பமரத்தடியில் மூன்று கல்லும் ஒரு வேலுமாக நின்ற முனிக்குத் தளம் போட்டு, விமானம் கட்டி, குடமுழுக்கு நடத்துவது என்று பங்காளிகள் கூடிப் பேசி முடித்துவிட்டார்கள். பூலாம்பாடியில் இதற்குப் பணம் பெரிய தடையில்லை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உழைத்த காசு, கோயில் என்றால் தாராளமாக வரும். சிக்கல் வேறு இடத்தில் முளைத்திருக்கிறது. குடமுழுக்கு ஆன பிறகு கிடா வெட்டக் கூடாது, சாராயம் வைக்கக் கூடாது, சர்க்கரைப் பொங்கலும் சுண்டலும் போதும் என்கிறார்கள் இளவட்டங்கள். என் தம்பி மகன் நேரடியாகவே கேட்டான்: "பெரியப்பா, சாமிக்குப் போய் சாராயம் வைப்பாங்களா? வெளியூர்க்காரங்க பார்த்தா என்ன நினைப்பாங்க?"

நல்ல கேள்வி. சாமிக்கு எது தகும், எது தகாது என்பதை யார் முடிவு செய்வது? சாமியா, படைக்கிற நாமா, பார்த்துவிட்டுப் போகிறவர்களா? அரசாங்கமே ஒரு முறை இதில் கை வைத்துப் பார்த்தது. கோயில்களில் ஆடு கோழி பலியிடுவதைத் தடுக்கும் 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தை 2003 ஆகஸ்டில் திடீரென்று அமல்படுத்தச் சொன்னார்கள். ஊருக்கு ஊர் மனக்கொதிப்பு. 2004-இல் அந்தச் சட்டத்தையே நீக்கிவிட்டார்கள். அன்று கோபப்பட்ட அதே குடும்பங்கள்தான் இன்று தாங்களாகவே முன்வந்து இலையைச் சைவமாக்கப் பார்க்கின்றன.

நான் சாஸ்திரம் படித்தவன் இல்லை. அடுப்படியில் நின்றவன். மலேசியாவில் கிள்ளானில் ஒரு சீனர் பேக்கரியில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பினேன். மனைவி போன பிறகு வீட்டுச் சமையலும் என் கையில்தான். இலையில் வைக்கிற பொருள் எப்படி உண்டாகிறது என்பது எனக்குத் தெரியும். அந்த வழியாகத்தான் என்னால் யோசிக்க முடியும்.

முனிக்குப் போடுகிற இலையில் முதலில் சோறு. அதன்மேல் கருவாட்டுக் குழம்பு. பக்கத்தில் வேகவைத்த மொச்சை, அவித்த முட்டை, உப்புக் கொழுக்கட்டை, கிடாக்கறி. ஓரத்தில் சுருட்டு. கடைசியாக ஒரு கொட்டாங்கச்சியில் சாராயம். என் அப்பாயி காலத்தில் அது பட்டைச் சாராயம். வெல்லமும் வேலம்பட்டையும் பானையில் ஊறிப் பொங்கி, பிறகு காய்ச்சி இறக்கியது. கள்ளும் சாராயமும் 1987-இல் நிறுத்தப்பட்ட பிறகு குவார்ட்டர் பாட்டில் வந்தது. 2003-இலிருந்து அதுவும் டாஸ்மாக் கடையில் வாங்கியது. பொருள் மாறினாலும் கொட்டாங்கச்சி மாறவில்லை. பூசாரி ஊற்றுவார், சூடம் காட்டுவார். மீதி, வயதில் மூத்த ஆண்களுக்கு ஆளுக்கு ஒரு வாய். அதோடு சரி. சோற்றைப் பிசைந்து எல்லோர் கையிலும் உருட்டி வைப்பார்கள்.

அப்பாயி ஒரு விதியை விட்டுக்கொடுக்கவே மாட்டார். படையலுக்குச் சமைக்கும்போது உப்புப் பார்க்கக் கூடாது. மோந்து பார்க்கவும் கூடாது. சாமிக்கு முன்னால் நம் நாக்குக்கு அதில் உரிமையில்லை. பெரிய கோயில் மடப்பள்ளிகளிலும் இதுவேதான் விதி. ஆனால் பெரியபுராணத்தில் கண்ணப்பர் செய்ததோ இதற்கு நேர் எதிர். காளத்தி மலையில் பன்றிக்கறியைச் சுட்டு, ஒவ்வொரு துண்டாக வாயில் இட்டுச் சுவை பார்த்து, நன்றாக வெந்த துண்டுகளை மட்டும் சிவனுக்குக் கொண்டுபோனார். முறைப்படி பூசை செய்துவந்த சிவகோசரியார் அதைப் பார்த்துப் பதறிச் சுத்தம் செய்தார். இறைவன் அவர் கனவில் வந்து வேடனின் அன்பைச் சொன்னான் என்கிறது கதை. அந்த எச்சில் கறி சாமிக்கு உகந்ததாயிற்று.

சமையல்காரனாக எனக்கு இருவருமே சரிதான் என்று படுகிறது. சுவை பார்க்காதவர் முதலாவதைக் கொடுக்கிறார். சுவை பார்த்தவர் இருப்பதில் சிறந்ததைக் கொடுக்கிறார். இருவர் கண்ணும் சாமியின் மேலேயே இருக்கிறது. வெளியூர்க்காரர் முகத்தைப் பார்த்து இலை போடுவதற்கு மட்டும் எந்தப் புராணத்திலும் எனக்கு இடம் தெரியவில்லை.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். பச்சையாகப் பழமும் பூவும் வைத்தாலே போதும், அன்போடு தந்தால் ஏற்பேன் என்று கீதையில் கண்ணன் சொல்கிறான். இருந்தும் நம் சனங்கள் அதோடு நிற்பதில்லை. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் திங்களும் வெள்ளியும் திறந்திருக்கும். அந்த நாட்களில் பெண்கள் அரிசியை ஊறவைத்து, அங்கேயே உரலில் இடித்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்து மாவிளக்கு ஏற்றுகிறார்கள். வீட்டில் அரைத்துக் கொண்டுவந்தால் வேலை சுலபம். ஆனாலும் இடிக்கிற கையை அம்மன் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. அரியலூர்ப் பக்கம் ஏலாக்குறிச்சியில், வீரமாமுனிவர் இருந்து ஊழியம் செய்த அடைக்கல மாதா கோயிலிலும் திருப்பலிப் பீடத்தில் கோதுமை மணியோ திராட்சைப் பழமோ வைப்பதில்லை. அப்பமாகச் சுட்டதையும் ரசமாகப் புளித்ததையும்தான் வைக்கிறார்கள். மனிதக் கையின் வேலை ஏறிய பொருளைத்தான் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் மதத்துக்கு மதம் தாண்டி நிற்கிறது.

ரொட்டியும் மதுவும் ஒரே வேலையின் இரண்டு பிள்ளைகள் என்பது பேக்கரிக்காரனுக்கு மூக்கிலேயே தெரியும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று காற்றையும் சாராயத்தையும் விடுகிறது. மாவில் காற்று நின்று பன் உப்புகிறது. சாராயம் அடுப்புச் சூட்டில் பறந்துவிடுகிறது. பானையில் காற்று பறந்து சாராயம் நிற்கிறது. விடியற்காலையில் பொங்கிய மாவின் மூடியைத் திறந்தால் கள் வாசம் அடிக்கும். ஆப்ப மாவைக் கள் ஊற்றியே புளிக்கவைத்த ஊர்கள் உண்டு. இதில் எது சுத்தம், எது அசுத்தம்? பன்னைப் படைத்தால் பரவாயில்லை, அதே நுண்ணுயிர் செய்த இன்னொன்றைப் படைத்தால் தீட்டு என்பதற்குப் பொருளுக்குள் காரணம் எதுவும் இல்லை. காரணம் இருந்தால் அது மனிதனுக்குள்தான் இருக்கிறது.

கிள்ளானில் எங்கள் தவுக்கே, அதாவது பேக்கரி முதலாளி, சிங் மிங் மாதத்தில் முன்னோருக்குப் படைப்பார். சிவப்புப் பீடத்தில் ஹுவாட் குவே வைப்பார். அரிசிமாவைப் புளிக்கவைத்து ஆவியில் வேகவைக்கும் பலகாரம் அது. தலை நான்காக வெடித்துப் பூத்தால்தான் நல்ல சகுனம். வெடிக்காதவற்றை நாங்கள் தின்போம். அதன் பக்கத்தில் மூன்று சிறு கிண்ணத்தில் பிராந்தி. அவர் அப்பாவுக்குப் பிடித்தது அது. ஊதுபத்தி அணைந்ததும் ஒரு கிண்ணத்தை மண்ணில் ஊற்றுவார். ஒன்றை அவர் எடுத்துக்கொண்டு மற்றதை எனக்குத் தருவார். உடனே குடிக்க விடமாட்டார். கையிலேயே வைத்துச் சூடேற்றி, முதலில் மூக்கால் குடி என்பார். உலர்ந்த திராட்சை, மரக்கட்டை, கொஞ்சம் தேன் என்று ஒவ்வொன்றாக எழும்பி வரும். அந்த ஒரு கிண்ணத்துக்கு அரைமணி நேரம் ஆகும். அவர் இரண்டாவது கேட்டு நான் பார்த்ததில்லை.

அவர் சொல்லித்தான் தெரியும், பிரான்சில் கோன்யாக் பிராந்தியை ஓக் மரப் பீப்பாயில் ஆண்டுக்கணக்காகக் கிடத்துகிறார்கள். அதில் கொஞ்சம் கொஞ்சமாகப் பறந்துபோவதைத் தேவதைகளின் பங்கு என்கிறார்கள். ஸ்காட்லாந்து விஸ்கியில் அது ஆண்டுக்குச் சுமார் 2 விழுக்காடு. பெங்களூரில் அம்ருத் நிறுவனம் செய்கிற மால்ட் விஸ்கியில், நம் வெயிலுக்கு, 10 விழுக்காட்டுக்கு மேல் பறந்துவிடுமாம். 2004-இல் அதை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக்கே கொண்டுபோய் விற்கத் தொடங்கினார்கள். பறந்துபோனதை நட்டமென்று எழுதாமல் தேவதைக்குப் போனது என்று எழுதிய அந்த வடிசாலைக்காரர்கள் எங்கள் பூசாரிக்கு அந்நியர்கள் இல்லை. இலையில் வைத்ததில் சாமி என்ன எடுத்துக்கொள்ளும் என்று சிறுவயதில் நான் கேட்டதற்கு, வாசத்தை எடுத்துக்கொள்ளும், மற்றது நமக்கு என்றுதான் அவரும் சொன்னார்.

இதையெல்லாம் நான் கூட்டத்தில் சொன்னபோது என் அண்ணி குறுக்கிட்டார். பங்காளிக் கூட்டத்தில் பெண்கள் பேசுவது வழக்கமில்லை. தண்ணீர்ச் செம்போடு வந்தவர் அங்கேயே நின்று பேசினார். "சாமிக்குன்னு வாங்குனதுதான் தம்பி, உங்க அண்ணன் வாங்குன முதல் பாட்டில். ரெண்டாவது பாட்டிலுக்குச் சாமி பேரு தேவைப்படல." யாரும் பதில் பேசவில்லை. அண்ணனின் ஈரல் எப்படிப் போனது, பருத்திக்காடு எப்படிக் கைமாறியது என்று எல்லோருக்கும் தெரியும்.

இதற்குமுன் என் மூக்கு நுட்பமெல்லாம் எதற்கு உதவும்? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். எங்களுக்கு அது தூரத்துச் செய்தி இல்லை. பேருந்தேறினால் போய்விடுகிற ஊர். மலாயாவில் தோட்டத்துக்குத் தோட்டம் கள்ளுக்கடை திறந்து, கொடுத்த கூலியைத் திரும்ப வாங்கினார்கள். 1941-இல் கிள்ளான் வட்டாரத்துத் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு சேர்த்து அவர்கள் கேட்டவற்றில் கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒன்று. உழைத்தவனே கேட்டான். அதை மறந்துவிட்டு மதுவின் மணத்தைப் பற்றிப் பேச எனக்கு உரிமை கிடையாது.

ஆனாலும் எனக்குத் தோன்றுவதைச் சொல்லத்தான் வேண்டும். அண்ணன் கெட்டது இலையில் இருந்த சாராயத்தால் இல்லை. இலையைவிட்டு வெளியேறிய சாராயத்தால். இலையில் இருந்தவரை அதற்குக் கொட்டாங்கச்சி அளவு இருந்தது. பக்கத்தில் சோறு இருந்தது. பெரியவர்கள் பார்த்தார்கள். வருடத்தில் அதற்கென்று ஒரு நாள் இருந்தது. ஊற்றுகிறவன் ஒருவன், குடிக்கிறவன் வேறொருவன். கடை வாசலில் நின்று பிளாஸ்டிக் டம்ளரில் ஒரே மடக்காகக் குடிப்பவனுக்கு இவற்றில் ஒன்றுகூட இல்லை. நாளை இலையிலிருந்தும் எடுத்துவிட்டால் டாஸ்மாக்கில் ஒரு பாட்டில்கூடக் குறையாது. குடிக்கு அளவு சொல்லிக்கொண்டிருந்த ஒரே இடம்தான் ஊரில் இல்லாமல் போகும். சாமியைச் சுத்தமாக்கிவிட்டு நாம் அப்படியே இருப்போம்.

நம் மொழியின் பழைய பாட்டுகளில் நடுகல்லுக்குக் கள் படைக்கிறார்கள். அதியமான் இறந்தபோது ஔவையார் முதலில் நினைத்துப் பார்ப்பது, கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவானே, நிறையக் கிடைத்தால் எங்களோடு பகிர்ந்து குடிப்பானே என்பதைத்தான். அந்தப் பாட்டில் கள்ளைவிடப் பகிர்வு பெரிது. வள்ளுவரோ 93-ஆம் அதிகாரம் முழுவதையும் கள்ளுண்ணாமைக்கே கொடுத்தார். புலால் மறுத்தலை அறத்துப்பாலில் வைத்தவர் இதைப் பொருட்பாலில், சூதுக்கு முன்னால் வைத்தார். குடி என்பது குடும்பத்தையும் மானத்தையும் சேர்ந்த கணக்கு என்று நினைத்திருப்பார் போலும். குடித்தவனைப் பெற்ற தாயின் முகத்துக்கு எதிரே நிறுத்தித்தான் கேட்கிறார். ஔவைக்கும் வள்ளுவருக்கும் நடுவே நான் நின்றால் என் கண் அண்ணியின் பக்கம்தான் போகிறது.

அதனால் கூட்டம் கலைந்த பிறகு அவரிடமே போய்க் கேட்டேன். நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம், நானே எழுந்து சொல்லிவிடுகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "சாமிக்கு ஊத்துங்க. அது கேட்டுப் பழகினதை நாம ஏன் நிறுத்தணும்? ஆனா மிச்சத்தை மண்ணுல ஊத்திடுங்க. யார் கையிலயும் குடுக்காதீங்க" என்றார்.

இது எனக்கு எளிதாக இல்லை. சாமி வைத்த மிச்சத்தை எல்லோரும் ஒன்றாக உண்பதில்தான் படையலின் உயிர் இருக்கிறது என்று நம்புகிறவன் நான். தனக்கென்று மட்டும் சமைப்பவன் பாவத்தைத்தான் உண்கிறான் என்று கீதை சொல்வதும் இதைத்தான் என்று நினைத்திருந்தேன். இலையில் ஒரு பொருளின் மிச்சம் மட்டும் மனிதனுக்கு இல்லை என்றால், இலை அந்த இடத்தில் துண்டுபடுகிறது. ஆனால் அந்தத் துண்டுபட்ட இடம் அண்ணனுடையது. அவரைப்போல் போன இன்னும் சிலரும் எங்கள் வகையறாவில் உண்டு. அவர்கள் பங்கு மண்ணுக்குப் போகட்டும். தவுக்கேயும் ஒரு கிண்ணத்தை மண்ணுக்குத்தானே கொடுத்தார்?

ஆடி கழிந்து பங்காளிகள் மறுபடி கூடுகிறார்கள். கிடா வெட்டு பற்றி அவர்கள் எப்படி முடிவெடுத்தாலும் சரி, கொட்டாங்கச்சி இருக்க வேண்டும் என்று கேட்கப் போகிறேன். ஒரே ஒரு கொட்டாங்கச்சி. கோயில் பொதுக்காசில் வாங்கியது. வேண்டுதல் என்று தனித்தனியாகப் பாட்டில் கொண்டுவரக் கூடாது. பூசாரி ஊற்றி, அவரே மண்ணில் சாய்க்க வேண்டும். கையில் வாங்கிக்கொள்ள எல்லோருக்கும் ஒரு பன் நான் சுட்டுத் தருகிறேன். எங்கள் ஊர்ப்பக்கத்து மக்காச்சோளமெல்லாம் நாமக்கல் கோழித் தீவனத்துக்கு லாரி லாரியாகப் போகிறது. அதில் கொஞ்சத்தை மாவாக்கி, கோதுமையோடு கலந்து, இரவெல்லாம் புளிக்கவைத்துச் சுட்டால் மேல் தோல் மொறுமொறுவென்று வரும். ஆறினாலும் மறுநாள்வரை தாங்கும்.

தம்பி மகனிடம் சொன்னேன். சாராயத்தைப் பற்றி அவன் இன்னும் இறங்கி வரவில்லை. பன்னில் முட்டை சேர்ப்பீர்களா, கோயிலில் ஆகுமா என்று மட்டும் கேட்டான். முனிக்கு அவித்த முட்டையே இலையில் வைக்கிறோம், சேர்க்கலாம் என்றேன். மாவு பிசைய அவனையும் வரச் சொல்லியிருக்கிறேன்.