ஏறு மாடிக்கு!

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் பில் வருகிறது. முணுமுணுக்கிறாய். கட்டுகிறாய். மறந்துவிடுகிறாய்.

இன்னும் எத்தனை வருடம் இப்படியே?

தலைக்கு மேலே மொட்டை மாடி சும்மா கிடக்கிறது. வடகம் காயும் வெயிலில் உன் வீட்டு மின்விசிறி சுற்றாதா?

"சோலார் எல்லாம் பணக்காரர்களுக்கு" என்கிறாயா? விசாரித்தாயா? பிரதமரின் சூரிய வீடு திட்டம் 2024-லேயே வந்துவிட்டது. 3 கிலோவாட் சோலார் தகடு அமைத்தால் 78,000 ரூபாய் மானியம். மீதிக்கு வங்கிக் கடனும் உண்டு. விசாரிக்காதவனுக்கு எல்லாமே விலை அதிகம்தான்!

"மழைக்காலத்தில்?" உற்பத்தி குறையும். குறையட்டுமே! நல்ல வெயிலில் ஒரு கிலோவாட் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். பகலில் மிஞ்சுவது மின்வாரியக் கம்பிக்குப் போகும். இரவுக்கு வேண்டியது அதே கம்பியில் வரும். போனதையும் வந்ததையும் மீட்டர் கணக்கு வைக்கும்.

"கரண்ட் போனால் இதுவும் நின்றுவிடுமாமே?"

ஆம், நிற்கும்! பேட்டரி இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு இணைந்த ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் நின்றே ஆக வேண்டும். கம்பத்தில் ஒருவர் ஏறி வேலை பார்த்துக்கொண்டிருப்பார். உன் மாடியிலிருந்து போகும் மின்சாரம் அவர் உயிரைக் குடிக்கலாமா? இதையா குறை என்கிறாய்?

"ஏமாற்றிவிட்டால்?"

இதுதான் உன் உண்மையான பயம். பயப்படு, தப்பில்லை. பயந்து உட்காராதே!

பதிவு பெற்ற மூன்று சோலார் விற்பனையாளர்களிடம் விலை கேள். பில் பூஜ்யமாகிவிடும் என்று சத்தியம் செய்பவனை வாசலோடு அனுப்பு. கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி வேண்டும், இருக்கிறதா? தெற்குப் பக்கம் திறந்திருக்கிறதா? தண்ணீர்த் தொட்டியின் நிழல் எங்கே விழுகிறது? காலையில் நின்று பார். மதியம் பார். மாலையிலும் பார். கேள்வி கேட்பவனை ஏமாற்றுவது கடினம்!

தோற்றுவிடுவோமோ என்று நடுங்குகிறாயா? 1880-களில் சார்லஸ் ஃபிரிட்ஸ் செலினியத்தில் சூரிய மின்கலம் செய்தார். விழுந்த ஒளியில் நூற்றில் ஒரு பங்குகூட மின்சாரமாகவில்லை. 1954-ல் பெல் ஆய்வகத்தின் சிலிக்கான் மின்கலம் 6 சதவீதத்தைத் தொட்டது. இன்று கடையில் கிடைக்கும் தகடு 20 சதவீதத்தைத் தாண்டுகிறது. "ஒரு சதவீதம்கூட இல்லையே" என்று எல்லோரும் கைகழுவியிருந்தால்?

அவர்கள் இல்லாத பொருளை உண்டாக்கினார்கள். நீ இருப்பதை வாங்கி மாட்டவே தயங்குகிறாய்!

வாடகை வீடா? வீட்டுக்காரரிடம் வாய் திறந்து கேட்டாயா?

கடைசி ஆறு பில்களை எடு. யூனிட்டைக் கூட்டு. அளக்கும் டேப்போடு மாடிக்குப் போ. நாளைக்கு இல்லை. இன்றைக்கே, வெயில் இருக்கும்போதே!