‘வந்து சேரும்’ என்னும் வாக்கு

காவிரி நாட்டின் கடைமடையில் இருக்கும் ஊர்களுக்கு ஒரு சொல் நன்கு பழக்கம். ‘தண்ணீர் வந்து சேரும்’ என்பதே அது. மேட்டூரில் மதகு தூக்கிய செய்தியோடு இச்சொல்லும் உடன் வந்துவிடும். காரைக்கால் வட்டாரத்து விழிதியூரில் நிலம் வைத்திருப்போர் இதைத் தலைமுறையாகக் கேட்டு வருகின்றனர். அரசலாறும் திருமலைராஜன் ஆறும் கடல் காணும் அந்த மண்ணுக்கு, மேலே உள்ளோர் பாய்ச்சிய பின்னரே நீர் எட்டுவது இயல்பு. சொன்னவர் பொய் சொன்னார் என்று கூறவும் இயலாது. நீர் ஒரு நாள் வந்துதான் விடுகிறது. ஆயினும் நாற்று முற்றிப்போன பின் வந்த நீரைப் பார்த்து நிற்பவனிடம், ‘வாக்கு நிறைவேறிற்று அல்லவா?’ என்று கேட்க நமக்கு நா எழுமா?

முடிவில் நிகழும் என்று கூறும் வாக்கு எப்பொழுது நேர்மையான வாக்காகிறது? அறநூல் வல்லாரிடம் கேட்க வேண்டிய இவ்வினாவுக்கு யாரும் எதிர்பாராத ஓரிடத்தில் கூர்மையான விடை ஒன்று கிடக்கிறது. கல்லூரி மாணவர் கண்டு அஞ்சும் பகுப்பாய்வுக் கணிதமே அவ்விடம்.

நம் முன்னோர் திண்ணைப் பள்ளியில் மனனம் செய்த சிறு பின்னங்களை நினைவு கூர்வோம். அரை, கால், அரைக்கால், வீசம், அரை வீசம் என்று ஒவ்வொன்றும் முன்னதில் பாதியாய்த் தேய்ந்துகொண்டே போகும். அரையோடு காலைக் கூட்டினால் முக்கால். அரைக்காலும் வீசமும் சேர்ந்தால், ஒன்றுக்கு ஒரு வீசம் குறைவு. இப்படி எத்தனை முறை கூட்டினாலும் ஒன்று என்னும் எண் முழுமையாய்க் கைக்கு வராது. எனினும் இக்கூட்டலின் எல்லை ஒன்றே எனக் கணிதர் உறுதியாய்க் கூறுவர். ஏறக்குறைய ஒன்று என்று அவர் சொல்வதில்லை. சரியாக ஒன்று என்பதே அவர் சொல்.

எந்த உரிமையில் இப்படிச் சொல்கிறார்? இவ்வுரிமை ஓர் உடன்படிக்கையிலிருந்து பிறக்கிறது. ‘எவ்வளவு குறையை நீ பொறுப்பாய்? அதை முதலில் நீ சொல். எத்தனையாவது படியிலிருந்து குறை அதற்கு உட்பட்டே நிற்கும் என்பதைப் பிறகு நான் சொல்கிறேன்’ என்கிறார் கணிதர். நூற்றில் ஒரு பங்கு எனக் கேட்டால் 7 படிகள் போதும். ஆயிரத்தில் ஒரு பங்கு எனில் 10 படிகள். கேட்பவன் எவ்வளவு கறாராகக் கேட்டாலும் விடை உண்டு. அளவைக் குறிக்கும் அதிகாரம் வாக்குக் கொடுப்பவனிடம் இல்லை, வாக்குப் பெறுபவனிடம் இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லை என்னும் கருத்தின் உயிர்நாடி இதுவே என்பது நம் துணிபு. கடன்பட்டவன் ‘என்னால் ஆனபோது தருகிறேன்’ என்பதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். தவணை குறித்த கடனை எழுதி வைத்துக்கொள்ளுமாறு பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் பணிப்பதை நம் வாசகர் அறிவர்.

இத்தகைய கறார்ப் போக்குக்குப் பழைய எடுத்துக்காட்டு இப்னு அல்-ஹைதம். பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இவர் பரவளையத்தைச் சுழற்றிப் பெறும் ஒரு திண்மத்தின் கனஅளவைக் கணக்கிட்டார். அதை மெல்லிய வில்லைகளாக அரிந்து, உள்ளே அடங்குவன இவை, வெளியே சூழ்வன இவை எனக் கூட்டி, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விரும்பிய அளவுக்குச் சிறிதாக்கலாம் என்று காட்டினார். சூழ்ந்த உருளையில் 15இல் 8 பங்கு என்பது அவர் கண்ட விடை. அதற்காக எண்களின் நான்காம் அடுக்குகளைக் கூட்டும் வழியையும் கண்டறிந்தார். நீரைப் பற்றிய வாக்கு ஒன்றும் இவர் வாழ்வில் உண்டு. நைல் நதியின் வெள்ளத்தை ஒழுங்குபடுத்த வழியுண்டென்று அவர் கூறியதாகவும், கலீஃபா அல்-ஹாக்கிம் அழைத்து அனுப்ப, ஆற்றின் மேற்பகுதி வரை சென்று பார்த்துத் தம்மால் ஆகாதென ஒப்புக்கொண்டதாகவும் இப்னுல் கிஃப்தி எழுதுகிறார். பிறகு ஆட்சியாளருக்கு அஞ்சிப் பித்தரைப் போல் நடித்தார் என்றும் அவ்வரலாறு தொடர்கிறது. ஆகாதென்று சொல்ல அவருக்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும்!

எல்லையைப் பாடநூலின் அடித்தளமாக வைத்தவர் பாரிஸ் நகரத்துக் கோஷி. பொலித்தெக்னிக் மாணவர்க்கென அவர் எழுதிய பகுப்பாய்வு நூல் 1821இல் வெளிவந்தது. (அவ்வாண்டில் காரைக்காலில் பறந்ததும் பிரெஞ்சுக் கொடிதான்.) தொடர்ச்சியுள்ள சார்புகளை முடிவின்றிக் கூட்டி ஒரு தொகை கிடைத்தால் அத்தொகையும் தொடர்ச்சியுள்ளதாகவே இருக்கும் என்று அந்நூல் கூறிற்று. நார்வே நாட்டு இளைஞர் ஏபெல் 1826இல், இதற்கு விலக்குகள் உண்டு என அடக்கமாக ஓர் அடிக்குறிப்பில் எழுதினார். 1840களில் ஸ்டோக்ஸ், சைடல், வையர்ஸ்ட்ராஸ் ஆகியோர் தனித்தனியே கோளாறின் வேரைக் கண்டனர். 1853இல் கோஷி தாமே தம் கூற்றைத் திருத்தினார்.

அந்த வேர் யாது? ஒன்றுக்குக் குறைந்த எந்தப் பின்னத்தையும் தன்னாலேயே பெருக்கிக்கொண்டு போனால் அது பூச்சியத்தை நோக்கித் தேயும். ஆனால் நூற்றில் ஒன்றுக்கும் கீழே இறங்க அரைக்கு 7 படிகள் போதும், 0.9க்கு 44, 0.99க்கு 459, 0.999க்கு 4603 படிகள் வேண்டும். ஒன்றை நெருங்க நெருங்கக் காத்திருப்பு ஏறிக்கொண்டே போகிறது. எல்லாப் பின்னங்களுக்கும் பொதுவாக ஒரு படியைக் குறிக்கவே இயலாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாக்கு உண்டு; அனைத்துக்குமான ஒரே வாக்கு இல்லை. பொதுப்படி ஒன்று இருக்குமாயின் அதனைச் ‘சீரான ஒருங்கல்’ என்பர். கோஷியின் கூற்றுக்குத் தேவைப்பட்ட நிபந்தனை அதுதான்.

இப்போது வாய்க்காலுக்குத் திரும்புவோம். முடிவே இல்லாத ஒரு வாய்க்காலை எண்ணிப் பாருங்கள். முதல் வயலுக்கு முதல் நாள், நூறாம் வயலுக்கு நூறாம் நாள் என நீர் எட்டுகிறது. ‘நீரே வராத வயல் ஒன்றின் பெயரைச் சொல்லுங்கள்’ என்று அதிகாரி அறைகூவினால் எவராலும் சொல்ல முடியாது. ஆனால் எந்த நாளில் போய்ப் பார்த்தாலும் எண்ணற்ற வயல்கள் காய்ந்தே கிடக்கும். தனித்தனியே எவரிடமும் பொய் சொல்லாமலே எண்ணற்றோரை வறட்சியில் நிறுத்தும் ஏற்பாடு ஒன்று இருக்கக்கூடும் என்பதை இக்கணக்கு நமக்குக் காட்டிவிடுகிறது.

ஆனால் உண்மையான வாய்க்காலுக்கு முடிவு உண்டு. அதன் வயல்கள் எண்ணி முடிப்பவை. எண்ணி முடியும் பட்டியலில் நாள்களை எழுதினால் கடைசி நாள் ஒன்று கட்டாயம் இருக்கும். அதுவே அனைவர்க்கும் பொதுவான நாள். பொது நாள் இல்லை என்னும் சாக்கு முடிவிலிக்கு மட்டுமே உரியது. காவிரிக்கும் கருவூலத்துக்கும் அது பொருந்தாது. எனவே எல்லார்க்கும் வந்து சேரும் என்று அறிவிப்பவர், எந்த நாளுக்குள் என்பதைச் சொல்லாமல் விட்டால், அதைச் சொல்ல முடியாமையால் விடவில்லை. கணக்கிடாமையாலோ, கணக்கிட்டும் சொல்ல விரும்பாமையாலோ விடுகிறார். இந்த இரண்டாவதை நாம் மன்னிக்க வேண்டியதில்லை.

காவிரி நடுவர் மன்றம் 2007இல் புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்கு ஆண்டுக்கு 7 டி.எம்.சி. நீர் என வகுத்தது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அந்த அளவை மாற்றவில்லை. காரைக்கால் வயல்களுக்குரிய நீர் அது. ஆண்டுக் கணக்கு மட்டும் பயிரைக் காக்காது என்பதை மன்றமும் உணர்ந்தே, கர்நாடகம் பிலிகுண்டுலுவில் தர வேண்டிய நீரை மாதவாரியாகப் பிரித்து வைத்தது. பிலிகுண்டுலுவிலிருந்து மேட்டூருக்கும், மேட்டூரிலிருந்து கல்லணைக்கும் வந்த நீர் அதற்கப்பால் எத்தனையோ மதகுகளைக் கடந்தாக வேண்டும். மேட்டூர் திறக்க மரபாகக் குறிக்கும் ஜூன் 12 என்னும் நாள் காவிரி நாட்டில் சிறுவருக்கும் தெரியும். விழிதியூர்க்காரர் கேட்பது மற்றொரு தேதி.