இரவு 12 மணி யாருக்குச் சொந்தம்?



"என் கண், என் தூக்கம். நான் எத்தனை மணிக்குப் படுத்தா என்ன?" இந்தக் கேள்வியை நம்மில் பலர் அம்மாவிடம் கேட்டிருப்போம். அம்மாவும் பதில் சொல்லாமல் விளக்கை அணைத்துவிட்டுப் போயிருப்பார். ஆனால் கேள்வி நல்ல கேள்விதான். தூக்கம் என் தனிப்பட்ட விஷயம் மட்டும்தானா? அதில் சரி, தவறு என்று ஏதாவது இருக்கா? இதைக் கொஞ்சம் யோசிப்போம்.

முதலில் உடம்பைப் பார்க்கலாம். நான் பொறியியல் மாணவன். ஒரு இயந்திரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் அது எப்படி வேலை செய்யுது என்று தெரிந்துகொள்ளணும்னு எங்களுக்குச் சொல்லித் தருவாங்க. சாதாரணமாக நாம் நிமிடத்துக்குப் பதினைந்து தடவை அளவில் கண் சிமிட்டுகிறோம். திரையை உற்றுப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே போய்விடும். கண் காய்ந்து எரியும். அதோடு, பக்கத்தில் உள்ளதைப் பார்க்கும்போது கண்ணுக்குள் இருக்கும் ஒரு சிறிய தசை விடாமல் இறுகியே இருக்கும். அதனால்தான் கண் மருத்துவர்கள் 20-20-20 என்று ஒரு கணக்கு சொல்றாங்க. 20 நிமிடத்துக்கு ஒரு தடவை, 20 அடி, அதாவது 6 மீட்டர் தள்ளி இருக்கும் எதையாவது 20 விநாடி பார்க்கணும். கண் சோர்வு பெரும்பாலும் ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடும்.

தூக்கம் அப்படி இல்லை. நம் விழித்திரையில் உருவத்தைப் பார்ப்பதற்கு அல்லாமல், இப்போது பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதற்கென்றே சில செல்கள் இருக்கு. 480 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அருகில் உள்ள நீல ஒளிக்கு அவை அதிகம் அசைந்து கொடுக்கும். அந்த ஒளி கண்ணில் படும் வரை மூளை பகல் என்றே நினைக்கும். தூக்கத்துக்கு உடம்பைத் தயார் செய்யும் மெலடோனின் சுரப்பது தள்ளிப்போகும்.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் இருக்கு. கோலாலம்பூர் இருக்கும் தீர்க்கரேகைக்கு உச்சிவெயில் கடிகாரத்தில் 12 மணிக்கு வரணும் என்றால், நம் நேரம் கிரீன்விச்சைவிட சுமார் 6 மணி 47 நிமிடம்தான் முன்னால் இருக்க வேண்டும். ஆனால் 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியா 8 மணி நேரக் கணக்குக்கு மாறியது. சிங்கப்பூரும் கூடவே மாறியது. அதனால்தான் நமக்கு உச்சிவெயில் மதியம் ஒன்றே கால் மணி அளவில் வருது. காலை 7 மணிக்குத்தான் வெளிச்சமே எட்டிப் பார்க்கிறது. உடம்பு சூரியனைப் பார்க்கும், லெக்சர் கடிகாரத்தைப் பார்க்கும். இரவில் திரை வெளிச்சத்தால் உடம்பின் கடிகாரத்தை இன்னும் பின்னுக்குத் தள்ளினால், இரண்டு பக்கமும் நஷ்டம் நமக்குத்தான்.

"அதான் போன்ல நைட் மோட் இருக்கே" என்று சிலர் சொல்வாங்க. நியாயமாகப் பேசணும். அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2014 இறுதியில் வெளிவந்தது. படுப்பதற்கு முன் நான்கு மணி நேரம் ஒளிரும் திரையில் வாசித்தவர்களுக்கு, அச்சுப் புத்தகம் வாசித்த நாட்களைவிடத் தூக்கம் வர ஏறத்தாழ 10 நிமிடம்தான் கூடுதலாக ஆனது. மெலடோனின் குறைந்ததும், மறுநாள் காலை மந்தமாக இருந்ததும் உண்மை. ஆனால் நம்மில் பலர் இழப்பது 10 நிமிடம் இல்லையே, இரண்டு மணி நேரம்! அந்த இரண்டு மணி நேரத்தை எடுத்துக்கொண்டது வெளிச்சம் இல்லை. திரையில் ஓடிக்கொண்டிருந்த விஷயம்தான்.

இங்கேதான் கேள்வி உடம்பை விட்டு மனதுக்கு வருகிறது. பக்கம் முடியாமல் கீழே கீழே போய்க்கொண்டே இருக்கும் அமைப்பை 2006-இல் ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கினார். பின்னாளில் அவரே அதற்காக வருத்தம் தெரிவித்தார். நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தின் தலைவராக இருந்த ரீட் ஹேஸ்டிங்ஸ் 2017-இல், தங்கள் போட்டியாளர் தூக்கம்தான் என்ற பொருளில் வெளிப்படையாகவே பேசினார். அப்படியென்றால் "என் தூக்கம், என் விருப்பம்" என்று நான் சொல்லும்போது, அந்த விருப்பம் உண்மையில் என்னுடையதுதானா?

கண்விழிப்பது நமக்குப் புதிது இல்லை. சிவராத்திரிக்கு நான்கு ஜாமமும் விழித்திருக்கிறோம். அன்று யாரும் நம்மைத் தடுப்பதில்லை, நாமும் மறுநாள் வருத்தப்படுவதில்லை. காரணம், எதற்காக விழிக்கிறோம் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டோம். எப்போது முடியும் என்றும் தெரியும். போனைப் பார்த்துக்கொண்டு விழித்திருக்கும் இரவில் முடிவு எடுத்தவரும் இல்லை, முடியும் நேரமும் இல்லை. கண் திறந்திருப்பது மட்டும் விழிப்பு ஆகிவிடாது.

இதை ஒரு நண்பனிடம் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. பகல் முழுவதும் வகுப்பு, மாலையில் சாப்பாட்டுக் கடையில் வேலை, ஹாஸ்டலுக்கு வரும்போது மணி 11 ஆகிவிடும். "மச்சான், நாள் முழுக்க மத்தவங்களுக்காக ஓடுறேன். அந்த ஒரு மணி நேரம்தான் எனக்குன்னு இருக்கு. அதையும் விடச் சொல்றியா?" என்றான்.

இதற்கு உடனே பதில் சொல்லிவிட முடியாது. அவன் கேட்பது பொழுதுபோக்கு இல்லை, சுதந்திரம். தனக்கென்று ஒரு நேரம் வேண்டும் என்பது நியாயமான ஆசை. ஆனால் ஒரு சோதனை வைக்கலாம். அந்த ஒரு மணி நேரத்தில் என்ன பார்த்தோம் என்று மறுநாள் காலையில் சொல்ல முடியுமா? ஒரு பாட்டு, தங்கச்சியோடு ஒரு பேச்சு, பிடித்த ஒரு படத்தில் பாதி என்று சொல்ல முடிந்தால் அந்த நேரம் அவனுடையது. எதுவுமே ஞாபகம் இல்லை என்றால், அந்த நேரத்தையும் வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள் என்றுதான் அர்த்தம்.

தூக்கம் தனிப்பட்ட விஷயம் மட்டும் இல்லை என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கு. தூங்காதவன் காலையில் மோட்டார் சைக்கிளில் போகும்போது அதே சாலையில் பள்ளிப் பிள்ளைகளும் போகிறார்கள். நம் குடும்பங்களிலேயே பாதுகாவலர் வேலையிலும், தொழிற்சாலை இரவு ஷிஃப்டிலும் கண்விழிப்பவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்குத் தூக்கத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி இல்லை. அப்பா தூக்கத்தை விற்று நம்மைப் படிக்க வைக்கிறார். அதே தூக்கத்தை நாம் சும்மா கொடுத்துவிடுவது சரியா?

அதற்காகத் தூக்கமே பெரிது என்று நான் சொல்லவில்லை. பகவத் கீதையின் ஆறாம் அத்தியாயம் உணவையும் தூக்கத்தையும் சேர்த்தே பேசி, இரண்டிலும் அளவைத்தான் கேட்கிறது. அளவு என்றால் ஓர் எல்லை வேண்டும். கோயிலில் பாருங்கள், இறைவனுக்கே பள்ளியறை பூஜை செய்து நடை சாத்துகிறோம். இன்னும் பக்தர்கள் வரலாம், இன்னும் அர்ச்சனை நடக்கலாம். ஆனாலும் நாள் முடிந்தது என்று ஒருவர் கதவைச் சாத்துகிறார்.

முடிவே இல்லாத திரைக்கு நாம்தான் நடை சாத்த வேண்டும். எத்தனை மணிக்கு என்பதை அவரவர் முடிவு செய்யட்டும். பரீட்சைக் காலத்தில் மாறலாம், வேலைக்குப் போகிறவர்களுக்கு வேறு நேரமாக இருக்கலாம். ஆனால் அந்த நேரத்தைப் பகலிலேயே, தெளிந்த மனதோடு முடிவு செய்துவிடுங்கள். இரவில் களைத்துப்போன மனதிடம் அதை விடாதீர்கள். போனைக் கட்டிலுக்குக் கை எட்டாத இடத்தில் சார்ஜ் போடுங்கள். காலையில் பத்து நிமிடம் வெளியில் வெளிச்சத்தில் நில்லுங்கள், உடம்பின் கடிகாரம் சீக்கிரம் வழிக்கு வரும்.

பிறகு அம்மாவிடம் தாராளமாகச் சொல்லலாம், "என் தூக்கம், என் விருப்பம்" என்று. அப்போது அது உண்மையாகவும் இருக்கும்.