மேதைக்குக் கைதட்டியது போதும்

'எ பியூட்டிஃபுல் மைண்ட்' பார்த்து அழுதவர்கள் நம்மில் பலர். மனச்சிதைவு நோயோடு போராடிய கணித மேதை ஜான் நாஷ், முடிவில் நோபல் மேடை ஏறுகிறார். 2001-இல் வந்த அந்தப் படம் நான்கு ஆஸ்கர் விருதுகளை வாங்கியது. ஆனால் நம் தெருவில் ஒருவர் தனக்குத்தானே பேசிக்கொண்டு வந்தால், பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துகிறோம். அப்படியென்றால் நாம் அழுதது நோயாளிக்காகவா, அவர் வாங்கிய பரிசுக்காகவா?

பரிசுக்கு முந்தைய ஆண்டுகளைப் பாருங்கள். 1950-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் நாஷ் அளித்த ஆய்வேடு 28 பக்கந்தான். அந்தச் சிந்தனைக்குப் பொருளியல் நோபல் கிடைத்தது 1994-இல். நடுவில் 1959-இல், முப்பது வயதில், நோய் வெளிப்பட்டது. விருப்பத்துக்கு மாறாக மருத்துவமனைகளில் அடைத்தார்கள். இன்சுலின் ஏற்றி நினைவிழக்கச் செய்யும் சிகிச்சையும் நடந்தது. மனைவி அலிசியா கடைசிவரை பிரியவே இல்லை என்கிறது படம். உண்மையில் 1963-இல் விவாகரத்து ஆகிவிட்டது. ஆனாலும் 1970-இல் அதே அலிசியா அவருக்குத் தன் வீட்டில் தங்க இடம் கொடுத்தார். கரும்பலகைகளில் புரியாத வாசகங்களை எழுதிவிட்டுப் போன அவரைப் பிரின்ஸ்டனும் விரட்டவில்லை. நோபல் வரப்போகிறதென்று அன்று யாருக்குத் தெரியும்? பலன் எதையும் எதிர்பாராமல் இடம் கொடுத்தார்கள். நாம் கற்கவேண்டிய அறம் அது.

அதை இன்றே தொடங்குங்கள். படத்தில் நாஷின் கண்ணுக்கு இல்லாத மனிதர்கள் தெரிகிறார்கள். உண்மையில் அவரை அலைக்கழித்தவை காதில் கேட்ட குரல்கள். பக்கத்தில் இருப்பவருக்கு அது தெரியவே தெரியாது. ஆகவே உங்கள் பிள்ளை தூக்கம் கெட்டு, யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள், பின்தொடர்கிறார்கள் என்று சொன்னால் கேலி செய்யாதீர்கள். காத்துக் கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போய் மாதக்கணக்கைத் தொலைக்காதீர்கள். சிகிச்சை தாமதமாகத் தாமதமாக மீள்வது கடினமாகும். மனநல மருத்துவரிடம் போங்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால், அரசின் டெலி மானஸ் சேவையை 14416-இல் கூப்பிடுங்கள், கட்டணம் கிடையாது.

'ஒரு கால்கட்டு போட்டால் சரியாகிவிடும்' என்று நோயை மறைத்துக் கல்யாணம் பேசாதீர்கள். இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்வை உங்கள் மகனுக்கு மருந்தாக அரைக்க யார் உரிமை கொடுத்தார்கள்?

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். 1970-க்குப் பிறகு நாஷ் மருந்து எடுக்கவில்லை என்பது உண்மை. ஆனால் படத்தில் அவர் புதிய மருந்துகளை எடுப்பதாகச் சொல்வார். படம் பார்ப்பவர்கள் மாத்திரையை விட்டுவிடுவார்களோ என்ற கவலையில் கதாசிரியர் சேர்த்தது அது என்று நாஷே விளக்கியிருக்கிறார். ஒருவர் தப்பிக் கரையேறினார் என்பதற்காக எல்லோரையும் வெள்ளத்தில் இறங்கச் சொல்லலாமா? மருந்தால் உடல் பருத்தாலோ கை நடுங்கினாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவை மாற்றலாம், மருந்தையே மாற்றலாம்.

நோயாளி மேதையாக இருந்தால்தான் மதிப்பேன் என்பது மதிப்பே அல்ல. உங்கள் வீட்டில் இருப்பவர் எந்தத் தேற்றத்தையும் நிறுவாமல் போகலாம். பத்தாவதுகூடத் தேறாதவராக இருக்கலாம். அவருக்கும் வேளைக்குச் சோறும், முடிந்த அளவு வேலையும், குடும்பப் பேச்சில் ஓர் இடமும் வேண்டும். விருந்தாளி வந்தால் அவரை அறைக்குள் தள்ளிப் பூட்டாதீர்கள். அடுத்த கல்யாணத்துக்கு அவரையும் கூட்டிப்போய்ப் பந்தியில் உங்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள். யாரென்று கேட்பவர்களிடம், 'என் தம்பி' என்று உரக்கச் சொல்லுங்கள்.