படைப்பு முடிந்துவிட்டதா?

எல்லாம் முன்னரே எழுதி முடிந்துவிட்டதென்றால் நாம் கையேந்திக் கேட்கும் துஆவுக்கு என்ன வேலை? நம் இல்லங்களில் பிள்ளைகள் கேட்கும் கேள்விதான் இது. அதட்டி அடக்கிவிடுகிறோம், பதில் சொல்வதில்லை.

அல்லாமா இக்பால் 1929 ஜனவரியில் சென்னைக்கு வந்து ஆற்றிய சொற்பொழிவுகளில் இதைத் தொட்டார். பிரபஞ்சம் புதிது புதிதாக வளர்கிறது, ஆனால் அதற்கு நோக்கமில்லை என்பது பிரெஞ்சு அறிஞர் பெர்க்சனின் கருத்து. முன்கூட்டியே வகுத்த முடிவை நோக்கித்தான் உலகம் போகிறதென்றால் காலமே பொய்யாகிவிடும் என்பதுவரை இக்பால் ஒப்புக்கொண்டார். நோக்கமே இல்லை என்பதைத்தான் மறுத்தார். போகப்போக உருவாகும் நோக்கமும் உண்டல்லவா?

வெளியூரிலிருக்கும் மகனுக்கு நலம் விசாரித்துக் கடிதம் எழுத உட்காருகிறோம். பாதியில், நெடுநாள் மனத்தாங்கல் கரைந்து, 'அன்று நான் பேசியது தவறு' என்று எழுதிவிடுகிறோம். அது நோக்கமற்ற எழுத்தா? அல்லவே! உட்கார்ந்தபோதே தெரிந்திருந்ததா? அதுவும் இல்லை.

மனிதனுக்குப் பொருந்துவது அல்லாஹுத்தஆலாவுக்குப் பொருந்துமா? எதிர்காலம் அவனிடத்தில் திறந்த வாய்ப்பாக இருக்கிறது என்று இக்பால் கூறுமிடத்தில் நமக்குத் தயக்கமுண்டு. அவனுடைய அறிவுக்கு அது எல்லை கட்டுவதாகாதா? ஆயினும் அர்ரஹ்மான் அத்தியாயத்தின் 29-ஆம் வசனம், வானம் பூமியிலுள்ளோர் அவனிடம் கேட்பதையும், அவன் நாள்தோறும் செயலாற்றுவதையும் சேர்த்தே அறிவிக்கிறது. கேட்டலும் செயலும் ஒரே வசனத்தில் நிற்பதை அந்தப் பிள்ளைக்குக் காட்டுவோம். மீதியை உலமாக்களிடம் கேட்டுக்கொள்வோம்.