வகுத்துப் பார், தங்கச்சி!

ஆம்பூரில் ஷூ கம்பெனி வண்டி ஏறப்போகும் உன் கையைக் கொஞ்சம் நீட்டு. நக ஓரத்தில் காய்ந்த சொல்யூஷன், ஆள்காட்டி விரலில் ஊசித் தழும்பு. இம்மி விலகினாலும் ஷூவின் மேல்பாகமான அப்பர் திரும்பி வந்துவிடும் என்று தெரிந்த கை இது. கடல் தாண்டிய கால்களுக்கு அளவு பிசகாமல் தைக்கிற நீ, “எனக்குக் கணக்கு வராதுண்ணா” என்று சொல்லலாமா? வரும்! இன்றைக்கே வரும்!

பேப்பர் எடு. மாதம் கட்டும் தவணை எல்லாவற்றையும் கூட்டி மேலே எழுது. வீட்டுக்கு வரும் மாத வருமானத்தைக் கீழே எழுது. மேலதைக் கீழதால் வகுத்து, நூறால் பெருக்கு. உனக்கு 11,500, வீட்டுக்காரருக்கு 8,500 என்று வைத்துக்கொள். மொத்தம் 20,000. மூன்று குழுக் கடனுக்கு 6,900, வண்டி டியூ 2,600, நகைக்கடன் வட்டி 700. ஆக 10,200. விகிதம் 51 விழுக்காடு.

அந்த 51-ஐ உற்றுப் பார். ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானமில்லாமல் தருவது நுண்கடன்; உன் குழுக் கடன் இந்த வகைதான். அதைத் தரும்போது, பழைய கடன், புதுக் கடன் எல்லாம் சேர்ந்த தவணை மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. 2022 ஏப்ரல் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதி இது. உன் வீடு கோட்டைத் தாண்டி நிற்கிறது!

பாதி வரை வாங்கலாம் என்றும் எண்ணிவிடாதே. அது கடன் கொடுப்பவனுக்குப் போட்ட வேலி. உன் சம்பளத்தில் ஓவர்டைம் கலந்திருக்கிறது. 2025 ஆகஸ்ட் 27-இல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் பலவற்றுக்கு 50 விழுக்காடு வரி போட்டதே, அப்படி ஓர் அடி விழுந்து ஆர்டர் குறைந்தால் முதலில் நிற்பது ஓவர்டைம்தான். இருபதாயிரம் பதினேழாயிரமாகட்டும், அதே 10,200 அப்போது 60 விழுக்காடு. ஒரு ரூபாய்கூடப் புதிதாய் வாங்காமலே உன் கடன் பாரம் ஏறிவிட்டது. அதனால் ஓவர்டைமைத் தள்ளிவிட்டு, வெறும் சம்பளத்தை வைத்து வகு. கைமாற்றும் கந்துவட்டியும் எந்தக் கடன் கம்பெனி கம்ப்யூட்டரிலும் ஏறாது. உனக்கு மட்டுமே தெரியும். அவற்றையும் கூட்டு. மனசு நடுங்கும். நடுங்கட்டும், கூட்டு!

பேரணாம்பட்டில் நாலு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கும் தம்பி, உனக்கும் இதே வகுத்தல்தான், ஆனால் தலைகீழாக. தவணை கட்டக் கையில் நிற்கும் வருவாயை, கட்டவேண்டிய அசலும் வட்டியும் சேர்ந்த தொகையால் வகு. விடை ஒன்றுக்குக் கீழே போனால் நீ வீட்டு நகையை வைத்துத்தான் தவணை கட்டுகிறாய். சிறு தொழிலாகப் பதிந்திருந்தால், வரவேண்டிய கூலியை 45 நாளுக்குமேல் இழுத்தடிக்கக் கூடாது என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தலை நிமிர்ந்து கேள்!

தங்கச்சி, அடுத்த குழு மீட்டிங்கில் புதுக் கடன் ஃபாரம் நீட்டுவார்கள். பேனாவை வாங்காதே. அந்த 51-ஐ எழுதிய பேப்பரை மடியில் விரி. நிதானமாகக் கேள்: “சார், என் வீட்டு வருமானம்னு இதுல எவ்வளவு போட்டிருக்கீங்க? காட்டுங்க.”