யாருடைய நம்பிக்கை?

அரசியல் உலகில் வழங்கும் சொற்களுள் 'நம்பிக்கை' என்ற சொல்லைப் போல் மலிவாகச் செலவிடப்படுவது வேறொன்று இருக்க முடியாது. அரசாங்கம் ஒன்று பெரும்பான்மையின்றித் தள்ளாடத் தொடங்கியதும், நம்பிக்கையில்லாப் பிரேரணை வருமா, வந்தால் நிறைவேறுமா, எந்தக் கட்சி எந்தப் பக்கம் சாயும் என்று பத்திரிகைகள் கணக்குப் போடத் தொடங்குகின்றன. அக்கணக்குகளில் உறுப்பினர்களின் பெயர்கள் இருக்கும். அவர்களுக்குக் கிடைக்கக்கூடிய பதவிகளின் பெயர்களும் இருக்கும். எவருடைய நம்பிக்கை அங்கே அளக்கப்படுகிறது என்ற கேள்வி மட்டும் இராது. பசறையிலிருந்தோ லுணுகலையிலிருந்தோ மடுல்சீமையிலிருந்தோ இந்நாட்டின் பாராளுமன்ற வரலாற்றைப் படிக்க முற்படும் ஒருவருக்கு அக்கேள்விதான் முதலில் எழும். அரசாங்கங்கள் ஆட்டங்கண்ட பல வேளைகளில் தோட்டத் தொழிலாளரின் வாழ்வு தராசின் ஏதோ ஒரு தட்டில் வைக்கப்பட்டிருந்தது. தராசைப் பிடித்த கை அவர்களுடையதாக இருந்ததில்லை.

நாம் ஆராய விரும்பும் அறப்பிரச்சினை இதுவே. பெரும்பான்மையற்ற அரசாங்கத்தின் ஆயுள் ஒரு சிறு குழுவின் வாக்கில் தங்கியிருக்கும்போது, அக்குழு தன் வாக்குக்கு விலை கேட்கலாமா? கேட்கவே கூடாது என்பர் சிலர். ஓர் அரசாங்கம் ஆளத் தகுதியுடையதா என்பது பற்றிய தீர்ப்பே நம்பிக்கை வாக்கு. நீதிபதி தம் தீர்ப்பை ஏலத்தில் விடலாமோ என்று அவர்கள் வினவுவர். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இவ்வாறு பேசுவோர் பெரும்பாலும் எப்போதும் பெரும்பான்மையின் பக்கத்திலேயே இருப்பவர்கள். எண்ணிக்கையின் தற்செயலால் எப்போதோ ஒருமுறை மட்டுமே காதுகொடுத்துக் கேட்கப்படும் மக்களிடம், அந்த ஒரு நாளிலும் வாய்திறவாதிருங்கள் என்று உபதேசிப்பது அறமாகாது. பேரம் பேசுவதே குற்றம் என்று நாம் சொல்லமாட்டோம். எதற்காக, யார் அறிய, யார் பெயரால் என்பவையே நம் கேள்விகள்.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி பெற்ற இடங்கள் 95இல் 42. சுயேச்சைகளையும் நியமன உறுப்பினர்களையும் துணைகொண்டே டி. எஸ். சேனநாயக்கா ஆட்சி அமைத்தார். அதே தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் எழுவர் பாராளுமன்றம் சென்றனர். வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரி வேட்பாளருக்கு உதவிற்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949இல் தேர்தற் சட்டம் திருத்தப்பட, வாக்கும் போயிற்று. முதற் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த ஜீ. ஜீ. பொன்னம்பலம் அதே ஆண்டில் அமைச்சரவையில் இடம்பெற்றார். அடுத்து வந்த இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமை மசோதாவை ஆதரித்தார். செல்வநாயகம் முதலியோர் பிரிந்துசென்று 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியை நிறுவியதற்கு இது ஒரு முக்கிய காரணம். பலவீனமான அரசாங்கம் ஒன்று பலம் தேடிக்கொண்ட கதை இது. விலையைக் கொடுத்தவர்கள் அப்பேரத்தில் கலந்துகொள்ளாதவர்கள்.

இதன்பின் நடந்த ஒன்றைப் பாடசாலைகளில் குடியியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் மாணவருக்குச் சொல்ல வேண்டும் என்று நாம் கருதுகிறோம். 1959இல் தொகுதிகள் புதிதாகப் பிரிக்கப்பட்டபோது சனத்தொகை முழுவதும் கணக்கில் எடுக்கப்பட்டது. பிரஜாவுரிமை அற்றவர்களும் அதில் அடங்குவர். ஆகவே தோட்டத் தொழிலாளர் நிறைந்த மாகாணங்களுக்கு அவர்களின் தலைகளை எண்ணி ஆசனங்கள் கிடைத்தன. அந்த ஆசனங்களுக்கு உரியவரைத் தெரிவுசெய்யும் உரிமை மட்டும் அந்தத் தலைகளுக்கு இல்லை. ஒருவனை எண்ணுவதற்கு மனிதனாகவும் வாக்களிப்பதற்கு அந்நியனாகவும் கொள்ளும் இந்தக் கணிதத்தை எந்தப் பள்ளிக்கூடத்தில் கற்றார்களோ, நாம் அறியோம்.

இந்தக் கணிதத்தின்மேல் எழுந்ததுதான் 1960 மார்ச் மாதப் பாராளுமன்றம். ஐக்கிய தேசியக் கட்சிக்கு 50, சிறீ லங்கா சுதந்திரக் கட்சிக்கு 46, தமிழரசுக் கட்சிக்கு 15. தெரிவுசெய்யப்படும் ஆசனங்கள் 151. தேர்தல் நடந்தது 19ஆம் திகதி. 21ஆம் திகதி டட்லி சேனநாயக்கா பிரதமரானார். சபாநாயகர் தேர்விலேயே அரசாங்கத்தின் நிலை வெளிப்பட்டது, எதிரணியின் ரி. பி. சுபசிங்க வெற்றி பெற்றார். செல்வநாயகம் நான்கு கோரிக்கைகளை முன்வைத்தார். பிரதேச சுயாட்சி, தமிழ்மொழிக்கு நிர்வாகத்தில் இடம், அரச குடியேற்றத்தை நிறுத்துதல் ஆகியவற்றோடு நான்காவதாக நின்றது மலையகத் தமிழரின் பிரஜாவுரிமை. அது தீரும்வரை நியமன ஆசனங்களில் அவர்களுக்கு இடம் தரப்பட வேண்டும் என்பதும் கேட்கப்பட்டது. டட்லி மறுத்தார். எதிரணியில் இருந்தோர், தாம் ஆட்சிக்கு வந்தால் இவற்றுக்கு இணங்குவதாக நம்பிக்கை தந்தனர். ஏப்பிரல் 22ஆம் திகதி சிம்மாசனப் பிரசங்கத்தின் மீதான வாக்கெடுப்பில் 86க்கு 61 என்ற கணக்கில் அரசாங்கம் தோற்றது. மகாதேசாதிபதி மாற்று அரசாங்கம் அமைக்க எவரையும் அழைக்கவில்லை, பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. ஜூலைத் தேர்தலில் சுதந்திரக் கட்சி 75 ஆசனங்களைப் பெற்றது. நியமன உறுப்பினரும் இடதுசாரிகளும் துணைநிற்க, அதற்குப் பிறகு தமிழரசுக் கட்சியின் தயவு எவருக்கும் வேண்டியிருக்கவில்லை. தொண்டமான் நியமன உறுப்பினரானார். பிரஜாவுரிமைச் சட்டம் இருந்தபடியே இருந்தது. 1961 பெப்ரவரியில் தமிழரசுக் கட்சி யாழ்ப்பாணக் கச்சேரியின் முன் சத்தியாக்கிரகத்தில் அமர்ந்தது.

இச்சம்பவத்தில் யாரைக் குறை கூறுவது? டட்லியின் மறுப்பு நேர்மையான மறுப்பு என்றும் எதிரணியின் வாக்குறுதி பொய்யானது என்றும் பிரித்துவிடுவது எளிது. நேர்மையான 'இல்லை'யில் காலூன்றி நிற்கலாம், பொய்யான 'ஆம்'இல் நிற்க முடியாது என்பது உண்மையே. ஆனால் அதே டட்லி 1965இல் ஆட்சியமைக்க ஆதரவு தேவைப்பட்டபோது செல்வநாயகத்தோடு ஒப்பந்தம் செய்தார். 1968இல் மாவட்ட சபைத் திட்டத்தைக் கைவிட்டார். இருவருடைய ஆமும் இல்லையும் கணக்கைப் பொறுத்தே மாறின. தமிழரசுக் கட்சியின் பேரத்தை நாம் இழிவாகக் கருதவில்லை. அது பதவி கேட்கவில்லை. கோரிக்கைகளை நாடறிய வைத்தது. தனக்கு வாக்களிக்க இயலாத மக்களுக்காகவும் கேட்டது. எனினும் ஒரு குறை அதில் இருந்தது. அது கட்சியின் குறை மட்டுமன்று. பசறைத் தோட்டத்திலோ நமுனுகலைச் சரிவிலோ இருந்த தொழிலாளி அந்தக் கோரிக்கைக்கு உரியவனாய் இருந்தும் அதைத் தாங்கி நிற்கும் வாக்கு அவனிடம் இல்லை. வாக்குறுதி முறிக்கப்பட்டபோது முறித்தவரைத் தண்டிக்கவும் அவனால் முடியவில்லை. தண்டிக்க இயலாதவனுக்குக் கொடுக்கப்படும் வாக்குறுதி தருமம் போன்றது; கொடுப்பவரின் மனநிலைக்கேற்ப வரும், போகும்.

1964 நமக்கு இன்னும் கசப்பானது. இடதுசாரிகளாகிய நாம் அவ்வாண்டைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம். ஜூன் மாதத்தில் லங்கா சமசமாஜக் கட்சி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கத்தில் சேர்ந்தது, என். எம். பெரேரா நிதியமைச்சரானார். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டத்தை எதிர்த்து முழங்கிய கட்சி அது. ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 975,000 மக்களில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வது. எந்த லயத்து வாசலிலும் எவரிடமும் எதுவும் கேட்கப்படவில்லை. முப்பத்துநான்கு நாட்கள் கழித்து, டிசம்பர் 3ஆம் திகதி, அந்த அரசாங்கமும் சிம்மாசனப் பிரசங்க வாக்கெடுப்பில் 74க்கு 73 என ஒரே வாக்கால் வீழ்ந்தது. சி. பி. டி. சில்வாவும் பதின்மூவரும் எதிரணிக்கு மாறியதே காரணம்; அவர்களைக் கொதிக்கச் செய்தது பத்திரிகை நிறுவனமொன்றை அரசு ஏற்பது பற்றிய மசோதா. பத்திரிகைச் சுதந்திரம் பெரிய விடயம், மறுக்கவில்லை. தமிழரசுக் கட்சி ஒப்பந்தத்தையும் எதிர்த்தது. ஆனால் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பொதிகட்ட வைத்த ஓர் ஒப்பந்தத்துக்காக ஆளுங்கட்சியிலிருந்து பதினால்வர் எழுந்து மறுபக்கம் செல்லவில்லை. அந்த ஒரு வாக்கைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டனர். (1999இல் வாஜ்பாய் அரசாங்கம் ஒரே வாக்கால் வீழ்ந்தபோதும் உலகம் அந்த ஒன்றைப் பற்றியே பேசியது.) அரசாங்கம் வீழ்ந்தும் ஒப்பந்தம் வீழவில்லை. வந்த அரசாங்கம் 1967இல் அதற்குச் செயற்படுத்தற் சட்டம் இயற்றிற்று. மலைநாட்டிலிருந்து தலைமன்னாரை நோக்கிப் புறப்பட்ட இரயிலுக்கு மக்கள் 'அழுகைக் கோச்சி' என்று பெயர் வைத்தனர்.

பிரஜாவுரிமையும் வாக்கும் கட்டங்கட்டமாக மீண்டன; 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடு நாடற்றோர் பிரச்சினை சட்டப்புத்தகத்திலாவது முடிவுக்கு வந்தது. ஆகவே 2018இல் நடந்ததற்கு வாக்கில்லாமையைக் காரணம் காட்ட இயலாது. ஒக்டோபர் 24ஆம் திகதி, தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள் கறுப்புடை அணிந்து கொழும்பு காலிமுகத்திடலில் திரண்டு, தம் பெற்றோருக்கு நாட்சம்பளம் ஆயிரம் ரூபா வேண்டும் என்று கேட்டனர். இரண்டே நாட்களில், 26ஆம் திகதி, ஜனாதிபதி சிறிசேன பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவை நீக்கி மகிந்த ராஜபக்சவை நியமித்தார். அதன்பின் ஐம்பது நாட்கள் நாட்டில் எண்ணிக்கை ஒன்றே பேச்சு. மலையகப் பிரதிநிதிகள் இரு கூறாயினர். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் மகிந்தவின் பக்கம். தமிழ் முற்போக்குக் கூட்டணி ரணிலின் பக்கம். பதுளை மாவட்ட உறுப்பினர் வடிவேல் சுரேஷ் மகிந்தவின் அரசாங்கத்தில் இராஜாங்க அமைச்சராகி, நவம்பர் நடுப்பகுதியில் மீண்டும் பழைய அணிக்குத் திரும்பினார். நம்பிக்கையில்லாப் பிரேரணை நவம்பர் 14ஆம் திகதி குரல்வாக்கால் நிறைவேறியது; பிரேரணையை ஆதரித்து 122 உறுப்பினர்கள் கையொப்பமிட்டிருந்தனர்; இரண்டு நாள் கழித்துச் சபைக்குள் மிளகாய்த்தூள் பறந்தது. டிசம்பர் 13ஆம் திகதி உயர் நீதிமன்றம் பாராளுமன்றக் கலைப்பு அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. 16ஆம் திகதி ரணில் மீண்டும் பிரதமர். 2019 சனவரியில் கூட்டு ஒப்பந்தம் கைச்சாத்தானபோது அடிப்படைச் சம்பளம் 700 ரூபா. ஆயிரம் ரூபா சம்பள நிர்ணய சபையின் வழியாக வந்தது 2021 மார்ச்சில்.

தொழிலாளரின் நன்மைக்காகவே அணி மாறினோம் என்று இத்தகைய வேளைகளில் தலைவர்கள் சொல்வதுண்டு. இருக்கலாம், உள்ளத்தைத் திறந்து பார்க்கும் கருவி நம்மிடம் இல்லை. ஆனால் அதை ஏற்பதற்கு ஒரு சிறு சான்று போதுமானது. சம்பளம் இவ்வளவு, காணியுரிமை இன்ன திகதிக்குள் என்று நிபந்தனைகளை எழுதி, அணி மாறுவதற்கு முன் தோட்டக் கமிட்டியில் வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். 1960இல் நான்கு கோரிக்கைகளை ஊரறியச் செய்த துணிவை அறுபது ஆண்டு கழித்தும் எதிர்பார்ப்பது அதிகமன்று. நெருக்கடி வேளையில் அதற்கெல்லாம் அவகாசம் ஏது என்பர். 2018இல் ஐம்பது நாட்கள் இருந்தன. கொழும்பிலிருந்து பதுளைக்கு இரயில் ஒரு நாளில் வந்து சேருகிறது.

நம்பிக்கையில்லாப் பிரேரணை என்பது பாராளுமன்றத்தாருக்கு மட்டும் தெரிந்த வித்தை என்று எண்ணிவிட வேண்டாம். தோட்டத்துப் பெண்ணும் அதை அறிவாள். தன் சங்கத்தில் நம்பிக்கை இழந்த தொழிலாளி மேடையேறிப் பேசுவதில்லை. மாதச் சம்பளத்தில் கழிக்கப்படும் சந்தாவை நிறுத்தி வேறு சங்கத்துக்கு மாற்றிவிடுகிறாள். ஒரு லயத்தில் தொடங்கினால் மறுமாதம் மலை முழுவதும் பரவும். சங்கத் தலைவர்கள் எந்தப் பாராளுமன்றத் தோல்வியையும்விட அதற்கு அஞ்சுவார்கள். அந்த ஆயுதத்திலும் ஊனம் உண்டு. கொழுந்து பறிக்கும் கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை, சங்கக் காரியாலயத்து நாற்காலிகளில் பெரும்பாலும் ஆண்கள். ஒரு சங்கத்தை விட்டுச் செல்பவள் சேரும் மற்றச் சங்கத்துக்கும் ஒரு பாராளுமன்ற உறுப்பினர் இருக்கிறார், அவரும் ஒருநாள் அதே தராசின்முன் நிற்பார். சந்தாவை மாற்றுவதால் மட்டும் பேரத்தின் நிபந்தனைகள் அவள் கைக்கு வந்துவிடா. ஆனால் சபைக்குள் நம்பிக்கை தெரிவிக்கும் உறுப்பினர்மீது தோட்டத்தில் நம்பிக்கையின்மை தெரிவிக்க வழி இருக்குமாயின், அவர் பேசும் பேரம் மக்களின் பேரம். அவ்வழி இல்லையாயின், அது அவருடைய வியாபாரம்.

2024 நவம்பர்த் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 225இல் 159 ஆசனங்களைப் பெற்றது. இத்தகைய பெரும்பான்மை வந்தபோதெல்லாம், பேரத்தையே பலமாக நம்பியிருந்த தலைமைகள் வெறுங்கையோடு நின்றிருக்கின்றன. 1960 ஜூலையில் நேர்ந்ததும் இதுவே. தள்ளாடும் அரசாங்கம் மீண்டும் ஒன்று வரும். இந்நாட்டில் அதற்குப் பஞ்சமில்லை. அதுவரை தோட்டக் கமிட்டிக் கூட்டங்களில், சம்பளக் கணக்கும் லயத்துக் கூரையும் பேசி முடிந்தபின், இந்த ஒரு விடயத்தையும் நிகழ்ச்சிநிரலில் சேர்க்கலாம். அடுத்த முறை நம் உறுப்பினர் கை உயர்த்துமுன் யாரிடம் கேட்க வேண்டும், எதை எழுத்தில் பெற வேண்டும் என்பதைக் கொழுந்து பறிப்போரே பேசி முடிவெடுக்கட்டும். குறிப்பெடுக்க அருகிலுள்ள பாடசாலை ஆசிரியர் ஒருவர் செல்லட்டும்.